பள்ளிசாராக் கற்றல்: ஜான் ஹோல்ட்டின் நூல்களும் தமிழாசிரியரின் மறுப்பும்

முன்னுரை

குழந்தை தானே கற்கும். அதற்குப் பள்ளியும் பாடத்திட்டமும் கால அட்டவணையும் வேண்டா என்னும் கருத்தைத் தமிழாசிரியர் நிறைந்த அவையில் எடுத்துரைப்பது எளிதன்று. சில ஆண்டுகளுக்கு முன், பணியிடைப் பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியர்களிடம் ஜான் ஹோல்ட்டின் நூல்களைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினேன். உரை முடிந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "டாக்டர், எங்கள் பாட்டி பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அவர் தானாக என்ன கற்றுக்கொண்டார் தெரியுமா? பால்மரம் வெட்டக் கற்றுக்கொண்டார்" என்றார். அவை கைதட்டியது. எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

அந்த மறுப்பு வெறும் பழமைப் பற்றன்று என்பது என் கருத்து. ஆயினும் ஹோல்ட்டின் வாதத்தை அது தொடவில்லை என்பதும் உண்மை. ஹோல்ட்டின் வாதம் முழுவதற்கும் அடிக்கல்லாக அமைவது ஒரே ஒரு செய்தி: குழந்தை தாய்மொழியை எவரும் பாடமாகக் கற்பிக்காமலேயே பேசக் கற்றுக்கொள்கிறது. ஆதலின் அவ்வாதத்தை உரைத்துப் பார்க்கும் தகுதி கணித ஆசிரியரைக் காட்டிலும் மொழியாசிரியர்க்கே மிகுதி. அதிலும் வீட்டில் தமிழ் குறைந்துவரும் நாடுகளில் தமிழ் கற்பிப்போர்க்கு அது மேலும் மிகுதி. இக்கட்டுரை அவ்வழியில் ஹோல்ட்டின் நூல்களை மதிப்பிட முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

'அன்ஸ்கூலிங்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஹோல்ட் 1977ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்னும் இதழின்வழிப் பரப்பினார். தொடக்கத்தில் அச்சொல் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்வதை மட்டுமே குறித்தது. வீட்டிலிருந்தபடியே பாடநூலும் அட்டவணையும் தேர்வும் கொண்டு நடத்தும் வீட்டுக்கல்வியினின்று வேறுபட்டதாய், பிள்ளையின் நாட்டத்தையே வழியாகக் கொள்ளும் முறையை அது குறிக்கலானது பின்னரே ஆகும். தமிழில் 'முறைசாராக் கல்வி' என்பது முதியோர் கல்வி போன்றவற்றுக்கு வழங்கி வருதலின், இங்குப் 'பள்ளிசாராக் கற்றல்' என்னும் தொடர் ஆளப்படுகிறது. 'கல்வி' என்னாது 'கற்றல்' என்றதற்கும் காரணம் உண்டு. கல்வி என்பது ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் செயலாகிவிட்டது என்பதே ஹோல்ட்டின் குறை. 1976இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே 'கல்விக்கு மாற்றாக' எனப் பொருள்படுவது.

ஹோல்ட்டின் நூல்கள்

1923இல் பிறந்த ஹோல்ட் இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர். ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர். கொலராடோவிலும் பின்னர் பாஸ்டன் நகரை ஒட்டிய தனியார் பள்ளிகளிலும் கற்பித்தார். 1964இல் வெளிவந்த 'ஹவ் சில்ட்ரன் ஃபெயில்' என்னும் முதல் நூல், பில் ஹல் என்னும் சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பிள்ளைகளை உற்றுநோக்கி எழுதிய குறிப்புகளால் ஆனது. ஆசிரியர் வினவும்போது நாம் விடை சொல்லும் பிள்ளையைப் பார்க்கிறோம். ஹோல்ட் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் ஆசிரியரின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தனர். ஒரு விடையைப் பாதி சொல்லி நிறுத்தி, முகம் மாறுகிறதா எனக் கண்டு மீதியைத் திருத்திக்கொண்டனர். இரண்டு விடைக்கும் பொருந்துமாறு முணுமுணுத்தனர். கணக்கைப் புரிந்துகொள்வதற்கன்று, கணக்கிலிருந்து தப்புவதற்கே அவர்களுடைய அறிவு முழுவதும் செலவாயிற்று. அச்சமே இதற்கு மூலம் என்றார் ஹோல்ட். வகுப்பறையில் பத்தாண்டு நின்ற எவரும் இப்பக்கங்களைப் படிக்கும்போது தம் மாணவர் சிலரின் முகங்களை நினைவுகூராமல் இரார்.

இவ்விடத்தில் நன்னூல் நினைவுக்கு வருவது இயல்பு. பவணந்தியார் மாணாக்கரை வகைப்படுத்துகையில் அன்னத்தையும் ஆவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு இடைநிலை கிடைத்தது. ஓட்டைக்குடத்துக்கும் எருமைக்கும் அது மேலானது. ஹோல்ட்டின் வகுப்பிலோ இக்கிளிகளே முதல் மதிப்பெண் பெற்றன. தாகூர் 1918இல் எழுதிய கிளிக்கதையும் இதே இடத்தைத் தொடுவது. அரசன் கிளிக்குக் கல்வி புகட்ட ஆணையிடுகிறான், பொற்கூண்டு செய்கின்றனர், ஏட்டுத்தாள்களை வாயில் திணிக்கின்றனர், கிளி இறந்துபோகிறது. கல்வித்துறை மேற்பார்வையாளர் எவர்க்கும் அது இறந்தது உடனே தெரிவதில்லை என்பதே கதையின் நயம்.

1967இல் வந்த 'ஹவ் சில்ட்ரன் லேர்ன்' என்னும் நூலே ஹோல்ட் எழுதியவற்றுள் சிறந்தது என்பது என் துணிபு. பள்ளிக்கு வராத சின்னஞ்சிறு குழந்தைகள் பேசவும் வரையவும் எண்ணவும் தாமே முயல்வதை அவர் பொறுமையுடன் எழுதுகிறார். குழந்தைகளுக்குப் பேச்சையும் நாம் கற்பிக்கத் தொடங்கியிருந்தால் அவர்கள் பேசவே கற்றிருக்கமாட்டார்கள் என்னும் பொருள்பட பில் ஹல் கூறியதை ஹோல்ட் இந்நூலில் எடுத்தாள்கிறார். பேச்சை ஒலிகளாகவும் அசைகளாகவும் பிரித்து, வரிசைப்படுத்தி, பிழை திருத்தி, தேர்வு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம்மை எண்ணிப் பார்க்கச் செய்கிறார். இந்த ஒரு பத்தியின் வலிமையிலேதான் பின்னர் எழுந்த இயக்கம் முழுவதும் நிற்கிறது.

1970ஐ ஒட்டி மெக்சிகோவின் குவெர்னவாகாவில் இவான் இலிச் நடத்திய மையத்தோடு ஹோல்ட்டுக்குத் தொடர்பு ஏற்பட்டது. இலிச்சின் 'டீஸ்கூலிங் சொசைட்டி' 1971இல் வெளிவந்தது. பள்ளி ஏழைக்கு வாய்ப்பளிக்கிறது என்பது மெய்யன்று. ஏழை தன் தோல்விக்குத் தானே காரணம் என ஏற்றுக்கொள்ளுமாறு அது பழக்குகிறது என்றார் இலிச். அதன்பின் ஹோல்ட் பள்ளியைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டார். 1981இல் வெளிவந்த 'டீச் யுவர் ஓன்' பெற்றோர்க்கான கையேடாக அமைந்தது. அவர் 1985இல் மறைந்தார். இதழ் 2001வரை தொடர்ந்தது.

திறனாய்வு நோக்கில் வீழ்ச்சியும் இங்கேதான் தொடங்குகிறது. முதல் இரு நூல்களில் சான்று என்பது ஆசிரியர் தம் கண்ணால் கண்டது; தம் தோல்விகளையும் அவர் மறைக்கவில்லை. 'டீச் யுவர் ஓன்' பெரிதும் பெற்றோர் எழுதிய கடிதங்களால் ஆனது. மகிழ்ந்த பெற்றோர் கடிதம் எழுதுவர். மகன் பதினான்கு வயதில் எழுத்துக்கூட்ட இயலாமல் அழுததை இதழுக்கு எழுதும் பெற்றோர் மிகச் சிலர். இந்தக் குறை இன்றுவரை தொடர்கிறது. பீட்டர் கிரே, ஜீனா ரைலி ஆகியோர் பள்ளிசாராமல் வளர்ந்த 75 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுட் பெரும்பாலோர் ஏதோவொரு வகை உயர்கல்வியை நாடினர் எனக் காட்டுகிறது. ஆனால் அந்த 75 பேரும் தாமே முன்வந்து விடையளித்தோர். எதிர்ப்புறத்தே எடுத்துக்காட்டப்படுவது மார்ட்டின் சாங் முதலியோர் 2011இல் கனடாவில் வெளியிட்ட ஆய்வு. வீட்டில் கற்ற 37 குழந்தைகளுள் ஒழுங்கமைந்த பாடம் பெற்ற 25 பேர் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாகவும், ஒழுங்கமைப்பின்றிக் கற்ற 12 பேர் தாழ்வாகவும் மதிப்பெண் பெற்றனர். பன்னிரு குழந்தைகளைக் கொண்டு ஓர் இயக்கத்தைப் புதைக்க முயல்வோரும், தன்னார்வலர் 75 பேரைக் கொண்டு அதனைக் கோயிலாக்குவோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

பொதுநோக்கின் மறுப்புகள்

பொதுமக்கள் எழுப்பும் மறுப்புகளுள் பழகும் பண்பு வாராது என்பது மிகுதியாகக் கேட்கப்படுவது. வலிமை குறைந்ததும் அதுவே. ஒரே வயதுடைய நாற்பது பேரை ஓர் அறையில் அமர்த்திப் பேசக்கூடாது என்று கூறும் இடத்தைப் பழகுமிடம் என்பது விந்தை. தேர்வில் வெல்வார்களா என்னும் வினாவும் மேலே கண்டவாறு தெளிவான விடையற்றது. நான் இவ்விரண்டையும் விட்டு, குறைவாகப் பேசப்படும் ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். பள்ளிசாராக் கற்றலில் முடிவெடுப்பவர் யார்?

ஹோல்ட் 1974இல் எழுதிய 'எஸ்கேப் ஃப்ரம் சைல்ட்ஹுட்' சிறாரின் உரிமையைப் பேசுவது. தாம் எதைக் கற்பது என்பதைச் சிறாரே முடிவுசெய்யலாம் என்பது. ஆனால் நீதிமன்றத்தின் முன் வழக்கு நின்றபோதெல்லாம் பேசப்பட்டது பெற்றோரின் உரிமையே. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1972இல் ஆமிஷ் சமயத்தார் வழக்கில், எட்டாம் வகுப்புக்குமேல் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதிருக்கும் பெற்றோரின் உரிமையை ஏற்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு, பிள்ளைகளையும் கேட்கவேண்டாவா என வினவினார். அவ்வினாவுக்கு இயக்கத்தார் இன்றுவரை நேராக விடையிறுக்கவில்லை. ஜெர்மனி பள்ளி வருகையைக் கட்டாயமாக்கி வீட்டுக்கல்வியை மறுக்கிறது; ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006இல் கொன்ராட் குடும்பத்தாரின் முறையீட்டை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுச் சட்டமோ பள்ளியாலோ 'பிற வழியாலோ' கல்வி அளிக்கலாம் என்றது. அந்தப் 'பிற வழி' என்னும் சிறு சொல்லின் நிழலிலேயே பல குடும்பங்கள் வாழ்ந்தன.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக நான் இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்த ஆண்டுகளில் அத்தகைய குடும்பமொன்று அண்டைவீட்டில் இருந்தது. மூத்த சிறுமி ஒன்பது வயதுவரை படிக்கவில்லை; பின்னர் ஒரே குளிர்காலத்தில் கனத்த கதைநூல்களைப் படிக்கலானாள். ஹோல்ட் சொன்னது பொய்யன்று என அன்று நம்பினேன். திரும்பி வந்தபின்னரே அந்த வீட்டின் மற்றப் பொருள்கள் நினைவில் எழுந்தன: நான்கு சுவரிலும் நூல்கள், நாளெல்லாம் வீட்டிலிருக்கும் பட்டதாரித் தாய், ஒருவர் ஊதியமே போதும் என்னும் நிலை. ஹோல்ட் உற்றுநோக்கிய வகுப்புகளும் வசதி படைத்தோரின் தனியார் பள்ளிகளே என்பதை அவர் நூல்களைப் படிப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

மூத்த ஆசிரியையின் மறுப்பு வலிமை பெறுவது இங்கேதான். மலாயாவின் தோட்டங்களில் பள்ளி என்பது வானிலிருந்து விழுந்ததன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. கங்காணியோ எழுதப்படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியரான பள்ளிகள் பல. மாட்டுக்கொட்டகையை ஒத்த கட்டடங்கள் பல. எனினும் ஆயாக்கொட்டகையிலிருந்து நேரே வெளிக்காட்டு வேலைக்குப் போகும் வழியில் குறுக்கே நின்ற ஒரே தடை அந்தப் பள்ளிதான். பள்ளி இல்லாத குழந்தைப்பருவம் இங்கே உரிமையாக இருந்ததில்லை. அது வேலையாக இருந்தது. இந்த வரலாறு உள்ள சமூகம் 'பள்ளி வேண்டா' என்னும் சொல்லைக் கேட்டுச் சினந்தால் அதனைப் பிற்போக்கு எனல் ஆகாது.

ஆயின் என் தாத்தாவும் பள்ளிக்குப் போனவரல்லர். லயத்து வாசலில் மாலையில் ஒருவர் தமிழ் நேசன் நாளிதழை உரக்கப் படிக்க, தோளுக்குப் பின்னால் நின்று வரிகளைக் கண்ணால் தொடர்ந்து தாத்தா எழுத்தறிந்தார். பின்னர் மாரியம்மன் கோயிலில் பாரதம் படிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். ஹோல்ட் இதனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அதே தாத்தா தம் மகனைப் பள்ளிக்கு அனுப்ப மேலாளரிடம் சண்டையிட்டார் என்பதையும் ஹோல்ட்டிடம் சொல்லியாக வேண்டும்.

மொழி என்னும் உரைகல்

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறி 2003 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் கற்பிக்க விரும்புவோர் விலக்குப் பெறவேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதவேண்டும். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002இல் திருத்தப்பெற்றுத் தொடக்கக்கல்வி கட்டாயமாயிற்று; மீறும் பெற்றோர்க்கு 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தண்டமோ ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே தூய பள்ளிசாராக் கற்றல் இவ்விரு நாடுகளிலும் பெரிதும் ஏட்டளவிலான பேச்சே. ஆனால் ஹோல்ட்டின் அடிக்கல் அத்தகையதன்று.

குழந்தை கற்பிக்கப்படும் மொழியைக் கற்பதில்லை. தன்னைச் சுற்றிப் பயன்படும் மொழியையே கற்கிறது. ஹோல்ட் இதனைப் பள்ளிக்கு எதிரான சான்றாகக் காட்டினார். சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கு இதனையே வேறு வகையில் காட்டுகிறது. இந்தியர் வீடுகளில் மிகுதியாகப் பேசும் மொழியாக ஆங்கிலத்தைக் குறித்தோர் 2010இல் 41.6 விழுக்காடு, 2020இல் 59.2 விழுக்காடு. இந்தப் பத்தாண்டில் தமிழ் வகுப்புகள் நின்றுவிடவில்லை. ஆசிரியர் குறைவாக உழைத்தார் என்று சொல்வதற்கும் இல்லை. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்ட பின்னர் அங்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கிறது. பாடமாக நிற்கும் மொழியை ஹோல்ட்டின் விதி தயவின்றித் தண்டிக்கிறது. வீட்டில் எவரும் பாடமாகக் கற்பிக்காத ஆங்கிலம் குழந்தையின் வாயில் வளர்கிறது. நாள்தோறும் கற்பிக்கும் தமிழ் விடைத்தாளோடு நின்றுவிடுகிறது. நம் எதிரியின் நூலில் நம் தோல்விக்கான விளக்கம் கிடைப்பது இன்பமான செய்தியன்று.

எனினும் ஹோல்ட்டின் விதி தமிழுக்கு முழுமையும் பொருந்தாத இடமொன்று உண்டு. அவர் அறிந்த மொழி ஆங்கிலம். அங்குப் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள தொலைவு சிறிது; குழந்தை காலையில் உண்ணும் தானிய உணவின் பெட்டியிலிருந்து தெருப்பலகை வரை எங்கும் அச்செழுத்து. ஆகவே பேச்சைப் போலவே படிப்பும் தானே வரும் என்று அவரால் நம்ப முடிந்தது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. வீடு முழுவதும் தமிழ் பேசினாலும் 'வந்துகொண்டிருக்கிறான்' என எவரும் சோற்றுத்தட்டின் முன் சொல்வதில்லை. எழுத்துத்தமிழ் எந்த வீட்டிலும் தாய்மொழியன்று. அதனைச் சூழலிலிருந்து பெறவேண்டுமாயின் அச்சூழலை யாரேனும் அமைத்திருக்கவேண்டும். என் தாத்தாவுக்கு உரக்கப் படித்தவர் இருந்தார், நாளிதழ் இருந்தது. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. லயங்களும் இல்லை.

காந்தியடிகள் இந்த இடத்தில் தொடர்புடையவர். தம் பிள்ளைகளை வழக்கமான பள்ளிக்கு அனுப்பாதவர் அவர். அதனால் அவர்களுக்கு மனக்குறை இருந்ததைத் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதுகிறார். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் பாடநூலை அவர் பெரிதாகக் கருதவில்லை. ஆயின் அங்கிருந்த தமிழ்ப்பிள்ளைகளுக்கு அவர் தாமே கற்பித்தவை எவை? தமிழ் எழுத்தும் எளிய இலக்கணமும். அவர்தம் தமிழறிவோ கப்பற்பயணத்திலும் சிறையிலும் போப் எழுதிய கைநூலைக்கொண்டு பெற்ற சிறிதளவே. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த அப்பிள்ளைகள் எழுத்தை அறியார். பேச்சில் மட்டும் ஆசிரியரை வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் காந்தியைக் காணவந்தபோது மொழிபெயர்த்தவர்களும் அவர்களே. பேச்சு தோட்டத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் வந்தது. எழுத்துக்கு ஒருவர் அமர்ந்து கற்பிக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் அரைகுறையாக அறிந்தவராயினும் போதுமாயிருந்தது.

இன்று நம் வகுப்புகளில் இந்நிலை தலைகீழ். எழுத்தைக் கற்பிக்க ஆசிரியர் உளர். பேச்சைத் தந்த வீடு குறைகிறது. சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தபோது, எழுத்துத்தமிழ் கெடும் என்று அஞ்சியோர் பலர். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். ஹோல்ட்டை மீண்டும் படித்தபின் அந்த அச்சத்தை விட்டேன். ஆயினும் வகுப்பறையில் கற்பிக்கப்படும் பேச்சும் ஒரு பாடமாகிவிடும், அதற்கும் மதிப்பெண் வந்துவிடும் என்னும் ஐயம் தீரவில்லை.

பள்ளியை விடுக என்னும் ஹோல்ட்டின் முடிவை நான் ஏற்கவில்லை. அவருடைய முதல் பழக்கத்தை, அதாவது விடை சொல்லாத பிள்ளையைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்கிறேன். அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு அதே மூத்த ஆசிரியை வந்தபோது, வந்திருந்தோர் அனைவரிடமும் ஒரு சிறு வேலை தந்தேன். ஒருவாரம், மாணவர் எவரும் கேட்காமல் தாமே தொடங்கிப் பேசிய தமிழ்த் தொடர்களை மட்டும் குறித்துவரச் சொன்னேன். இது ஆய்வன்று, எண்ணிக்கை காட்டும் நோக்கமும் இல்லை. பலர் இரண்டு மூன்று வரிகளோடு வந்தனர். மூத்த ஆசிரியையின் குறிப்பேட்டில் பதினொரு தொடர்கள் இருந்தன. எட்டு, சிற்றுண்டிச்சாலையில் இடியப்பம் விற்கும் அம்மாவிடம் பிள்ளைகள் பேசியவை. இரண்டு, பேருந்துக்குக் காத்திருக்கையில் பாட்டியிடம் கைப்பேசியில் பேசியவை. வகுப்பறையில் குறித்தது ஒன்றே: "டீச்சர், வெளிய போகவா?"

அவர் அந்தப் பக்கத்தை என்முன் வைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், இடியப்பம் விற்பவரை வகுப்புக்கு அழைத்துவர பள்ளியின் அனுமதி கிடைக்குமா என்று கேட்டார்.